வேடம் கட்டிய ஊர்கள்
கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் மக்கள் நாடகம் வளர்ந்த வரலாறு

சங்கங்களுக்கும் சபாக்களுக்கும் தொடக்க நாள் என்று ஒன்று இருக்கும். முதல் தலைவர், முதல் செயலாளர், முதல் சந்தா என்று வரிசையாக எழுதிக்கொண்டு போகலாம். நம் வட்டாரத்து நாடகம் அப்படிப் பிறந்ததல்ல. கேழ்வரகு அறுத்துக் களம் காலியானதும் ஊர்ப் பெரியவர்கள் கூடி, தலைக்கட்டு வரி இவ்வளவு என்று முடிவு செய்து, கூத்து வாத்தியாரை அழைத்துவர இரண்டு பேரை அனுப்பிய நாள்தான் அதன் தொடக்க நாள். காவேரிப்பட்டணத்துக்கு ஒன்று, பர்கூருக்கு ஒன்று, மத்தூருக்கு ஒன்று, வேப்பனப்பள்ளிக்கு ஒன்று என அந்த நாள் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே இம்மலரில் ஒரு நிறுவனரின் படத்தைப் போட்டு மாலையிட வழியில்லை. அரிதாரம் பூசிய அத்தனை முகங்களுக்கும் சேர்த்தே அந்த மாலை.

பாரதம் படிப்பதற்கென்று நிலம் விடும் வழக்கம் தமிழகத்தில் பல்லவர் காலத்திலேயே உண்டு. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் வழங்கிய கூரம் செப்பேடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்கி வைக்கிறது. பிற்காலத்தில் வில்லிபுத்தூரார் பாரதமும் நல்லாப்பிள்ளை பாரதமும் அந்த வாசிப்புக்கு நூல்களாயின. நம் பகுதியில் திரௌபதியம்மன் கோயில் என்றும் தருமராசர் கோயில் என்றும் இரு பெயர்களில் வழங்கும் கோயில்களே கூத்துக்குப் பிறந்த வீடு. கொடியேறிய நாள் முதல் பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும். இரவில் அதே பகுதி கூத்தாக ஆடப்படும். பகலில் காதால் கேட்டதை இரவில் கண்ணால் பார்த்து, மறுநாள் கழனியில் வாய் ஓயாமல் பேசித் தீர்ப்பார்கள். பதினெட்டு நாள் இப்படிப் போனால் எழுத்தறியாத கிழவிக்கும் பாரதம் மனப்பாடம்.

தொழிலாகவே ஆடும் ஜமாக்களை அமர்த்திக் கூத்து வைப்பது ஒரு வழி. ஊர்க்காரர்களே வேடம் கட்டி ஆடுவது இன்னொரு வழி. நம் வட்டாரத்தின் பெருமை இரண்டாவது வழியில்தான் இருக்கிறது என்பது இதை எழுதுபவனின் உறுதியான எண்ணம். வாத்தியார் இரண்டு மூன்று மாதம் ஊரிலேயே தங்குவார். நாளுக்கு ஒரு வீட்டில் அவருக்குச் சோறு. குரலைப் பார்த்து, உயரத்தைப் பார்த்து, சில நேரம் வீட்டு நிலவரத்தையும் பார்த்து வேடம் ஒதுக்குவார். பகலெல்லாம் ஏர் ஓட்டியவன், கவலை இறைத்தவன், ஆடு மேய்த்தவன் மாலையில் விளக்கைச் சுற்றி உட்காருவான். வாத்தியார் ஓர் அடி சொல்ல, இவன் திருப்பிச் சொல்ல வேண்டும். விருத்தம், தரு, வசனம், தருக்கம் எல்லாம் காது வழியாகவே ஏறின. கைநாட்டு வைப்பவன் கர்ணமோட்சம் முழுவதையும் ஒரு சொல் பிசகாமல் பாடுவான். அடவு வராதவனுக்கு வாத்தியாரின் தாளக்கோல் முழங்காலில் பாடம் சொல்லும்.

அரங்கேற்றத்தன்று ஊரின் ஒவ்வொரு குடிக்கும் ஒரு வேலை உண்டு. தீவட்டி பிடிப்பவர், திரை பிடிப்பவர், எண்ணெய் கொடுப்பவர், ஆட்டக்காரர்களுக்குச் சுக்குக் காபி வைப்பவர் என்று ஆடாதவரே இல்லை எனலாம். கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் கடைந்து கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் பெட்டியிலிருந்து வெளியே வரும். முத்துவெள்ளையும் செந்தூரமும் தேங்காய் எண்ணெயில் குழையும். மிருதங்கம், தாளம், முகவீணை, பின்னாளில் சேர்ந்த ஆர்மோனியம் எல்லாம் கூடிக் களரி கட்டும் ஓசை அடுத்த ஊர்வரை கேட்கும். கட்டியங்காரன் வந்து நாலு பேரைக் கேலி செய்து கூட்டத்தைச் சிரிக்க வைத்த பிறகுதான் ராஜ வேடத்துக்குத் திரை விலகும். திரைக்குப் பின்னால் நின்று தன் வரவைத் தானே பாடும் அந்த நொடிக்காக மூன்று மாதத் தூக்கத்தைக் கொடுத்தவர்கள் நம் முன்னோர். காசு கொடுத்துப் பார்ப்பவருக்கு அந்த நொடி எப்படி இருக்கும் என்று சொல்லி விளக்க முடியாது. கிரீடத்தின் பாரம் கழுத்தில் இறங்கிய பிறகே அது விளங்கும்.

சில நாட்களில் கதை களரியை விட்டு இறங்கி ஊருக்குள் நடந்தது. பகாசூரனுக்குச் சோறு கொண்டு போகும் பீமன் வண்டியேறித் தெருத்தெருவாக வருவான். வீட்டுக்கு வீடு படைப்பார்கள், அவனும் கூச்சமில்லாமல் தின்றுகொண்டே போவான். அர்ச்சுனன் தபசன்று நெடுமரத்தின் உச்சிக்கு ஏறியவன் பாடிக்கொண்டே எலுமிச்சம்பழமும் திருநீறும் வீச, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். கடைசி நாள் படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் தொடையைப் பிளக்க, அவிழ்ந்த கூந்தலைத் திரௌபதி முடிப்பாள். அன்று மாலையே தீமிதி. மறுநாள் தருமர் பட்டாபிஷேகம். இந்தப் பதினெட்டு நாளில் எவன் ஆட்டக்காரன், எவன் பார்வையாளன் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

களத்தில் விழுந்தவனை நினைவில் நிறுத்துவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஆநிரை மீட்கப் போய் மாண்ட வீரர்களுக்கு நட்ட நடுகற்கள் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் கிடைத்த அளவுக்குத் தமிழகத்தில் வேறெங்கும் எளிதில் கிடைப்பதில்லை. விராட பருவத்துக் கூத்தில் நிஜ மாடுகளையே ஓட்டி வந்து மீட்கும்போது, ஏரிக்கரையில் நிற்கும் அந்தக் கல் வீரனும் ஒரு வேடக்காரன்போலவே எனக்குத் தோன்றியதுண்டு.

எல்லைக்கு அப்பாலும் திரௌபதிதான் தாய். பெங்களூர்த் தருமராய சுவாமி கோயிலிலிருந்து சித்திரை நிலவில் புறப்படும் கரகம், தமிழ் வேர் கொண்ட திகளர் சமூகத்தாரின் திருவிழா. அங்கே கரகம் சுமப்பவர் பெண் கோலம் பூண்டு திரௌபதியின் சக்தியைத் தாங்குகிறார். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னட வீடுகளுக்கும், வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்கு வீடுகளுக்கும், ஊத்தங்கரைத் தமிழ் வீடுகளுக்கும் பொதுவான ஒரு கதை வேண்டுமென்றால் அது பாரதம். தெலுங்கின் வீதி நாடகமும் பழைய மைசூர்ச் சீமையின் மூடலபாயமும் நம் கூத்துக்கு ஒன்றுவிட்ட உடன்பிறப்புகள். மூன்று மொழிக்காரர்கள் ஒரே களத்தில் உட்கார்ந்து ஒரே இடத்தில் அழுத பகுதி இது. கட்டியங்காரன் மூன்று மொழியிலும் கேலி செய்தால்தான் மூன்று பக்கமும் சிரிப்பு வரும்.

சோதனைகளும் குறைவில்லை. 1876ஆம் ஆண்டில் இரண்டு இடிகள் ஒன்றாக விழுந்தன. ஒன்று, தாது வருடப் பஞ்சம். அப்போது நாம் இருந்த சேலம் மாவட்டம் அதில் கடுமையாக அடிபட்டது. இன்னொன்று, ஆங்கில அரசு கொண்டுவந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம். கல்கத்தா மேடைகளில் ஆட்சியைச் சாடிய நாடகங்களுக்குப் பயந்து போட்ட சட்டம் அது. சட்டம் கோட்டையில் இருந்தது. பஞ்சம் வீட்டுக்குள் இருந்தது. விதைத் தானியத்தையும் தின்று தீர்த்த ஊர்கள் அவை. அவை தலையெடுத்தபோது கூத்தும் உடன் எழுந்தது. விராட பருவம் படித்தால் மழை பொழியும் என்ற நம்பிக்கை இருக்கும் இடத்தில் பாரதம் ஆடம்பரச் செலவாகாது. வேளாண்மையோடு சேர்ந்த வேலை அது.

1890களில் வேறொரு திசையிலிருந்து காற்று வீசியது. அதுவும் ஓர் எல்லை ஊரிலிருந்துதான் வந்தது என்பதை நாம் பெருமையோடு குறிப்பிட வேண்டும். தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் பல்லாரியில் வழக்கறிஞராக இருந்த தர்மவரம் கிருஷ்ணமாச்சார்லு, சரச வினோதினி சபா என்ற அமெச்சூர் குழுவைச் சென்னைக்கு அழைத்து வந்து 1891இல் விக்டோரியா பப்ளிக் ஹாலில் தெலுங்கு நாடகங்களை நடத்தினார். படித்தவர்களும் பதவியில் இருப்பவர்களும் கூச்சமின்றி மேடையேறியதை அங்கே 18 வயது இளைஞர் ஒருவர் பார்த்தார். அதுவரை தமிழ் நாடகத்தை மதிக்காதவர் அவர். அந்த ஆண்டு ஜூலை 1ஆம் நாள் அவரும் நண்பர்களும் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். அந்த இளைஞர் பம்மல் சம்பந்த முதலியார். பகலில் நீதிமன்றம், மாலையில் ஒத்திகை என்று வாழ்ந்தவர்; பின்னாளில் நீதிபதியுமானார். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். அவருடைய மனோகரா தமிழ்நாடெங்கும் எண்ணற்ற முறை மேடையேறியது, 1954இல் திரைப்படமுமானது. 1959இல் பத்மபூஷண் பெற்று, 1964இல் மறைந்தார். பிழைப்புக்கு ஒரு தொழிலும் உயிருக்கு ஒரு நாடகமுமாக வாழலாம் என்பதைப் பட்டணத்துக்கு அவர் காட்டினார். நம் ஊர் ஏர்க்காரன் அதை முன்பே செய்துகொண்டிருந்தான். அவனைப் பற்றி எழுத ஆளில்லை, அவ்வளவுதான்.

அடுத்த இருபதாண்டுகள் சங்கரதாஸ் சுவாமிகளின் காலம். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் அது போன்ற பாய்ஸ் கம்பெனிகளும் தமிழகத்தைச் சுற்றின. 1922இல் அவர் மறைந்த பிறகும் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் கிராமத்து மேடைகளில் வாழ்ந்தன. ஆர்மோனியப் பெட்டியும் படுதாவும் கூத்துக்களரிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தது இக்காலத்தில்தான். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் வந்த சிறு ரயில் 1913இல் ஓசூரை எட்டியது. 1941இல், போர்க்காலத்தில், தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துக்கொண்டு போனார்கள். நமக்கு அப்புறம் நடைதான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பது ஆட்டக்காரனுக்குப் பழக்கமானதே.

விடுதலைக்குப் பின் மேடை அரசியலின் கைக்குப் போனது. அண்ணாவின் நாடகங்களும் எம்.ஆர். ராதாவின் நாடகங்களும் ஊர்களை உலுக்கின. ராதாவை அடக்கவே 1954இல் சென்னை மாநில அரசு தனியாக ஒரு நாடகச் சட்டம் போட்டது. நாடகப் பிரதியைக் காவல் நிலையத்தில் காட்டி அனுமதி வாங்கும் வழக்கம் அதோடு உறுதிப்பட்டது. கூத்துக்கு எங்கே பிரதி இருக்கிறது காட்ட? கட்டியங்காரன் அன்றன்று நினைத்ததைப் பேசுபவன். அந்த வகையில் சட்டத்தால் பிடிக்க முடியாத ஒரே நடிகன் அவன்தான். 1956 நவம்பரில் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது ஓசூர் சென்னை மாநிலத்தோடு நின்றது. நிலத்தில் கோடு விழுந்தது. பாரதம் கேட்கக் கோட்டைத் தாண்டி வருபவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி மாவட்டம் பிறந்தது.

அடுத்து வந்த ஆண்டுகள்தான் நம் வட்டாரத்தின் முகத்தை மாற்றியவை. 1971இல் சிப்காட் நிறுவனம் தொடங்கப்பட்டது. மானாவாரிக் காடுகளாகக் கிடந்த ஓசூர்ப் புறநகரில் அதன் தொழிற்பேட்டை எழுந்தது. 1980இல் அசோக் லேலண்டின் ஓசூர் ஆலை வந்தது. அதே ஆண்டு டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் டைட்டன் கடிகார ஆலை, பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்து இளைஞர்களையும் பெண்களையும் எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தது. தஞ்சாவூர்க்காரர், திருநெல்வேலிக்காரர், மதுரைக்காரர், கேரளத்துக்காரர் என்று ஓசூருக்கு வந்து இறங்கியவர்கள் ஒரே அறையில் நாலு பேர், ஐந்து பேராகத் தங்கினார்கள். ஷிப்ட் மாறினால் பாய் மாறும். உறவு இல்லாத ஊர். தெரிந்த முகம் இல்லாத தெரு. குளிர் வேறு.

அந்தத் தனிமையைப் போக்கியதில் நாடகத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்று நான் சாட்சி சொல்வேன். தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் 1966 மார்ச் 4ஆம் நாள் நிறுவப்பட்டதை ஒட்டி ஆண்டுதோறும் மார்ச் முதல் வாரம் ஆலைகளில் பாதுகாப்பு வாரம் கொண்டாடப்படும். கட்டுரைப் போட்டி, வாசகப் போட்டி, அதோடு நாடகப் போட்டி. தலைக்கவசம் போடாதவனுக்கு வந்த கேடு, கையுறை மறந்தவனின் விரல் என்று கதை முன்கூட்டியே முடிவானது. யார் நடித்தாலும் கடைசியில் எமதர்மன் வந்தே ஆக வேண்டும். நான் வேலை பார்த்த ஆலையில், எங்கள் ஷாப்பில் எமனாக வந்தவர் ஊரில் கூத்தில் கர்ணன் கட்டியவர். எழுதிக் கொடுத்த வசனம் முடிந்த பிறகும் அவர் விருத்தம் பாடிக்கொண்டே இருந்தார். நடுவர் மணியடித்தும் நிற்கவில்லை. கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது. அன்று கிடைத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பரிசு இன்னும் என் வீட்டில் இருக்கிறது. வேடம் கட்டத் தெரியும் என்று அதுவரை ஒருவரும் சொல்லாத ஆட்களெல்லாம் மறுநாள் காண்டீனில் வந்து கைகுலுக்கினார்கள். ஒருவர் வழுவூர், ஒருவர் கம்பம், ஒருவர் மாலூர். எங்கள் நாடகக் குழு அப்படித்தான் உருவானது.

ஒத்திகைக்கு நேரம் கண்டுபிடிப்பதே பெரும் தவமாக இருந்தது. முதல் ஷிப்ட் ஆள் வரும்போது இரண்டாம் ஷிப்ட் ஆள் போவார். கதாநாயகனும் வில்லனும் ஒரே வாரத்தில் ஒரே ஷிப்டில் இருந்தால் அது அதிர்ஷ்டம். மேலாளரிடம் போய் ஷிப்ட் மாற்றிக் கேட்டு, பண்டிகைப் பணத்தில் படுதா வாங்கி, மனைவியின் பட்டுப்புடவையைத் தேர்த் திரையாக்கி, நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமலே மேடையேறியவர்கள் நம் மூத்தவர்கள். ஆயுத பூசை, பொங்கல், கன்னட ராஜ்யோத்சவம் என்று அக்கம்பக்கத்துக் குடியிருப்புகள் அழைத்த இடமெல்லாம் போனார்கள். கூலி என்று எதுவும் வாங்கியதில்லை. போன இடத்தில் சாப்பாடு கட்டாயம்; அதில் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

சொந்த ஊரையும் விட்டுவிடவில்லை. பாரதம் கொடியேறினால் ஆலையில் விடுப்புச் சீட்டுகள் குவியும். என் பங்குக்கு ஓர் ஆண்டு துச்சாதனன் கட்டினேன். துகிலுரியும் இரவில் முன்வரிசையில் இருந்த பாட்டிமார் எழுந்து சாபம் விட்டதை எதிர்பார்த்திருந்தேன். என் சொந்த அத்தை ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பதை எதிர்பார்க்கவில்லை. ‘அவ காலைத் தொட்டுக் கும்பிட்டாயாடா?’ என்று கேட்டாள். கும்பிட்டேன் என்றேன். திரௌபதி வேடக்காரனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டே துகிலைத் தொடுவது வழக்கம் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே சோறு போட்டாள். அதைவிடப் பெரிய பரிசு ஒரு நடிகனுக்கு எங்கே கிடைக்கும்?

பட்டணத்தில் இதே காலத்தில் நவீன நாடகம் கூத்தைத் தேடிப் புறப்பட்டது. 1977இல் ந. முத்துசாமியும் நண்பர்களும் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார்கள். செய்யாறுப் பக்கத்துப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைப் பார்த்து வியந்து, நம் களரியே உலக அரங்குக்கு ஈடானது என்று முத்துசாமி எழுதியும் பேசியும் நிறுவினார். 1978இல் சென்னையில் ஞாநியின் பரீக்‌ஷாவும் மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கமும் பிறந்தன. 1980இல் வங்கத்திலிருந்து பாதல் சர்க்கார் வந்து சோழமண்டலத்தில் பயிற்சி முகாம் நடத்தினார். மேடை வேண்டாம், விளக்கு வேண்டாம், உடலே போதும் என்றார் அவர். வடக்கே எல்லையைத் தாண்டினால் ஷிவமொக்கா மாவட்டத்து ஹெக்கோடு என்ற சிற்றூரில் கே.வி. சுப்பண்ணா 1949இலேயே தொடங்கிய நீநாசம் இருந்தது. பாக்குத் தோட்டக்காரர்கள் ஷேக்ஸ்பியரையும் காளிதாசனையும் ஆடிய ஊர் அது. 1991இல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. பெங்களூரிலோ 1975 முதல் சமுதாயா குழு தெருவில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தது. ஓசூரிலிருந்து பெங்களூருக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு, திங்கள் முதல் ஷிப்டுக்குள் திரும்பிவிடலாம்.

1989 புத்தாண்டு நாள் இந்தியாவின் தொழிற்பேட்டை நாடகக்காரர்கள் எவரும் மறக்க முடியாதது. தில்லியை அடுத்த சாகிபாபாத் தொழிற்பகுதியில், ஜண்டாபூரில், தொழிலாளர்களுக்காக ‘ஹல்லா போல்’ என்ற தெரு நாடகம் நடத்திக்கொண்டிருந்த ஜன நாட்டிய மஞ்ச் குழுவைக் குண்டர்கள் தாக்கினார்கள். அக்குழுவின் சப்தர் ஹாஷ்மி மறுநாள் உயிர் நீத்தார். ஜனவரி 4ஆம் நாள் அவருடைய மனைவி மலயஸ்ரீ அதே இடத்தில் நின்று, பாதியில் நின்ற நாடகத்தை நடத்தி முடித்தார். ஹாஷ்மி பிறந்த ஏப்ரல் 12 தேசியத் தெரு நாடக நாளாகக் கொண்டாடப்படுகிறது.

நம் மாவட்டத்துக்குரிய பெருங்கதை 1990களில் எழுதப்பட்டது. எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம் தமிழகமெங்கும் கலை ஜாதாக்களை அனுப்பியது. பறையும் பாட்டும் பத்து நிமிட நாடகமுமாக இளைஞர்கள் ஊர் ஊராகப் போனார்கள். எழுதப் படிக்கக் கற்றுக் கொடுக்க வந்தவர்களே நடிக்கவும் கற்றுக்கொண்டார்கள். கூத்தில் இல்லாத ஒரு மாற்றம் இங்கே நிகழ்ந்தது. பெண் வேடத்தை ஆண் கட்டிய மண்ணில், பெண்களே வட்டத்துக்குள் வந்து நின்று பேசினார்கள். வீட்டைச் சம்மதிக்க வைத்து, இருட்டிய பிறகு ஊர் திரும்பி, கேலியைத் தாங்கி அவர்கள் கொடுத்த உழைப்பு தனியாகப் பதிய வேண்டிய ஒன்று.

அந்தப் பயிற்சி மிகக் கடினமான ஒரு வேலைக்கு உதவியது. கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேர்ந்திருந்த அன்றைய தருமபுரி மாவட்டம், பெண் சிசுக்கொலைக்காகப் பெயர் கெட்டிருந்த மாவட்டங்களில் ஒன்று. 1997 முதல் 1999 வரை மாவட்டத்தில் அதற்கு எதிராக ஒரு பெரும் மக்கள் இயக்கம் நடந்தது. சுகாதாரத் துறையும் அறிவொளி வழி வந்த கலைஞர்களும் கைகோத்த அந்த இயக்கத்தின் முதல் கருவி கலைப்பயணம். 18 ஒன்றியங்கள் கொண்ட மாவட்டம். கலைக் குழுக்கள் ஊர் ஊராக, தெருத் தெருவாகப் போயின. பயமுறுத்தவில்லை, சட்டம் பேசி விரல் நீட்டவும் இல்லை. மாமியாராக, மருமகளாக, மருத்துவச்சியாக நின்று, பார்ப்பவரின் வீட்டையே தெருவில் கட்டிக் காட்டினார்கள். பிறக்காத மகள் பேசும் காட்சி வரும்போது கூட்டத்தில் யாராவது ஒருத்தி எழுந்து வீட்டுக்குள் போய்விடுவாள். நாடகம் முடிந்த பிறகு அவளே வந்து நடிகைக்குத் தண்ணீர் கொடுப்பாள். அரசு அதிகாரி ஷீலா ராணி சுங்கத் அவர்களும் பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயா அவர்களும் இந்த அனுபவத்தை ஆய்வுக் கட்டுரையாக எழுதி நாட்டுக்கு அறிவித்தார்கள். சிசுக்கொலை குறைந்ததை ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகள் காட்டின. திரௌபதிக்காக மூன்று நூற்றாண்டு அழுத ஊர்கள் தங்கள் வீட்டுப் பெண்ணுக்காக அழுதன. இந்த வட்டாரத்து நாடகம் செய்த ஆகப் பெரிய காரியம் எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

2004 பிப்ரவரி 9ஆம் நாள் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2013இல் சென்னை உயர் நீதிமன்றம், ஞாநி தொடுத்த வழக்கில், 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நிலைய வாசலில் காத்திருந்த தலைமுறைக்கு அது பெரிய விடுதலை. காஞ்சிபுரத்தில் பெ. ராஜகோபாலும் மற்றக் கலைஞர்களும் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் சிறுமிகளுக்கும் கூத்துக் கற்றுக்கொடுத்தது. கட்டை கட்டிய பெண் அர்ச்சுனன் இப்போது வியப்பில்லை. 2019இல் ஓசூர் மாநகராட்சியானது. 2020 மார்ச்சில், கொடியேறும் பருவத்தில், கொரோனா ஊரடங்கு வந்து களரிகளை அடைத்தது. ஆட்டக்காரர்களின் வீடுகளில் அரிசிக்கு வழியில்லாத நாட்களில், கூத்துப் பார்த்து வளர்ந்த ஆலைத் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். யார் கொடுத்தார்கள் என்று எழுத வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டதால் இங்கே பெயர்கள் இல்லை.

இந்த ஆண்டும் கேழ்வரகு களம் ஏறிவிட்டது. தலைக்கட்டு வரி இப்போது கைப்பேசியில் வருகிறது. வாத்தியார் வந்து சேர்ந்துவிட்டார். மின்வாகன ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பையனுக்குக் குரலைப் பார்த்து அபிமன்யுவைக் கொடுத்திருக்கிறார். அவனுக்கு இரண்டாம் ஷிப்ட். கம்பெனி பஸ் அவனை இறக்கிவிடும்போது இரவு பதினொன்றரை ஆகிறது. அதுவரை மிருதங்கக்காரர் தோலைச் சூடேற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.